பத்து நொடியின் விலை

ஒரு ரேடியோ கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்குகிறது என்று பேப்பரில் படிக்கிறோம். டீ ஆறுவதற்குள் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அங்கே கைமாறுவது எது? பஞ்சாலையை வாங்கினால் நிலமும் கட்டடமும் கதிர்களும் வரும். ரேடியோவில் ஒலிக்கும் பாட்டு அவர்களுடையது அல்ல. அதற்கு உரிமைத்தொகை கட்டியாக வேண்டும். காற்றலை பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஒலிபரப்பு டவர்கூடப் பல ஊர்களில் எல்லா நிலையங்களுக்கும் பொது. அப்படியானால் கோடிக்கணக்கில் பணம் கொடுத்து வாங்குவது எதை? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் கோவையின் ரேடியோ கதை முழுவதும் விளங்கிவிடும். நம் ஊர் ரேடியோ நாளை எப்படி இருக்கும் என்பதும் ஓரளவு தெரிந்துவிடும்.

கோவையில் நான்கு தனியார் பண்பலை நிலையங்கள். 91.1-ல் ரேடியோ சிட்டி, 93.5-ல் சூரியன், 98.3-ல் மிர்ச்சி, 106.4-ல் ஹலோ. நான்குக்கும் பின்னால் ஒரு பத்திரிகை அல்லது டிவி குழுமம் இருக்கிறது. சூரியனுக்குச் சன் டிவி. ஹலோவுக்குத் தினத்தந்தி. மிர்ச்சிக்கு டைம்ஸ் ஆஃப் இந்தியா. ரேடியோ சிட்டிக்குக் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திப் பத்திரிகை தைனிக் ஜாக்ரண். இதற்குக் காரணம் எளிது. விளம்பரம் பிடிக்கும் ஆள்பலம் அவர்களிடம் முன்பே இருந்தது. பேப்பரில் கால் பக்கம் கொடுக்கும் நகைக்கடைக்காரரிடமே ரேடியோவுக்கும் சேர்த்து ஒரு விலை பேசிவிடலாம். மில், பம்பு, கிரைண்டர், பனியன் என்று எதையும் சொந்தக் கையால் கட்டி எழுப்பிய இந்த வட்டாரம் ஒரு வணிக ரேடியோவைக் கட்டி எழுப்பவில்லை. கொங்கு நாட்டுக்காரனாக எனக்கு அதில் வருத்தம் உண்டு.

விளம்பரத்தோடு வரும் ரேடியோ நமக்கு முதலில் கடல் தாண்டித்தான் வந்தது. 1950-களில் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கி வைத்தபோது, கேட்க ஆசைப்பட்டவர்கள் முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பினார்கள்; இந்தியக் கம்பெனிகளின் விளம்பரப் பணமும் பின்னாலேயே கொழும்புக்குப் போனது. அதற்குப் பதிலாக 1957-ல் விவித பாரதி வந்தது. அதில் விளம்பரம் அனுமதிக்கப்பட்டது 1967-ல்தான். அகில இந்திய வானொலியின் கோவை நிலையம் இன்றும் மத்திய அலையில் 999-ல் இருக்கிறது. அதே வானொலியின் கோடைப் பண்பலை 100.5 தனிக் கதை. பண்பலை ஏறத்தாழ நேர்கோட்டில்தான் போகும். கொடைக்கானல் மலை உச்சியில் நிற்கும் கருவிக்குக் கீழே பல மாவட்டங்கள் திறந்து கிடப்பதால், பழனி, உடுமலைப் பக்கமும் அதற்கு அப்பாலும் ஊர் ஊராக அதைக் கேட்கிறார்கள். தனியார் நிலையத்துக்கு இந்த வசதி இல்லை. அவர்களுக்கு உரிமம் ஒரு நகரத்துக்குத்தான். டவரின் உயரமும் கருவியின் சக்தியும் அந்த நகரத்தின் மக்கள்தொகையை வைத்து முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டவை.

உரிமம் என்ற சொல் வந்துவிட்டது. இங்கேதான் நிதானமாக நிற்க வேண்டும்.

தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களுக்குக் குத்தகையும் வாரமும் தெரியும். குத்தகை என்றால் காய்த்தாலும் காய்க்காவிட்டாலும் பேசிய பணத்தைக் கட்ட வேண்டும். வாரம் என்றால் விளைச்சலில் பங்கு. 1999-ல் அரசு முதன்முதலாகத் தனியார் பண்பலைக்கு ஏலம் அறிவித்தபோது தேர்ந்தெடுத்தது குத்தகை முறை. அதிலும் ஆண்டுக்கு 15 சதவீதம் ஏறும் குத்தகை. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஐந்தே ஆண்டுகளில் தொகை இரட்டிப்பாகிவிடும். பத்தாவது ஆண்டில் மூன்றரை மடங்கு. 40 நகரங்களில் 108 அலைவரிசைகளை ஏலம் விட்டார்கள். ஏலத்தில் ஆவேசமாகக் கேட்டவர்கள் வீட்டுக்குப் போய்க் கணக்குப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார்கள். கடைசியில் ஒலித்தவை 12 நகரங்களில் 21 நிலையங்கள். சென்னை, கோவை, திருநெல்வேலி ஆகிய மூன்று ஊர்களிலும் உரிமம் எடுத்து விடாமல் நின்றது சன் குழுமம். கோவைக்கு முதல் தனியார் ரேடியோவாகச் சூரியன் வந்தது அப்படித்தான்.

அதே முதல் சுற்றில் பெங்களூரில் 2001 ஜூலை 3 அன்று ஒலிக்கத் தொடங்கியது ரேடியோ சிட்டி. இந்தியாவின் முதல் தனியார் பண்பலை அதுதான். அதை நடத்தும் கம்பெனியின் பெயர் மியூசிக் பிராட்காஸ்ட். தொடக்கத்தில் ஸ்டார் குழுமத்தின் கை அதில் இருந்தது. பிறகு இந்தியா வேல்யூ ஃபண்ட் என்ற முதலீட்டு நிதி பெரும்பங்கை எடுத்தது.

2005-ல் அரசு கொள்கையை மாற்றியது. நுழைவுக்கு ஒருமுறை ஏலத்தொகை, அதன்பின் ஆண்டுதோறும் மொத்த வருவாயில் 4 சதவீதம். குத்தகை வாரமாயிற்று. அந்த ஒரே மாற்றத்தில் நாடு முழுவதும் ரேடியோ முளைத்தது. 2006-ல் நடந்த இரண்டாம் சுற்று ஏலத்தில்தான் கோவைக்கு மிர்ச்சி, ஹலோ, ரேடியோ சிட்டி மூன்றும் வந்தன. ரேடியோ சிட்டி 20 நகரங்களில் நிலைகொண்டது. அனில் அம்பானி குழுமத்தின் பிக் எஃப்எம் ஒரே ஏலத்தில் 45 நகரங்களுக்கு உரிமம் எடுத்தது. சென்னையில் 92.7 என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். கோவைக்கு அது வரவில்லை.

பிறகு சேர்க்கைகள் தொடங்கின. சன் குழுமம் தமிழ்நாட்டுக்கு வெளியே எஸ் எஃப்எம் என்று நடத்திய நிலையங்கள் 2009 வாக்கில் ரெட் எஃப்எம் என்ற பெயருக்குள் போயின. ஜாக்ரண் குழுமம் 2014 டிசம்பரில் ரேடியோ சிட்டியை வாங்கப்போவதாக அறிவித்து அடுத்த ஆண்டு கைக்குக் கொண்டுவந்தது. ஜாக்ரண் வீட்டில் ஏற்கெனவே ரேடியோ மந்த்ரா என்ற பெயரில் எட்டு நிலையங்கள் இருந்தன. அவையும் ரேடியோ சிட்டிக்குள் சேர்க்கப்பட்டன. 2015-ல் நடந்த மூன்றாம் சுற்றில் மதுரை உட்பட 11 புதிய நிலையங்கள். இருபதும் எட்டும் பதினொன்றும் 39. அந்த 39-ஐக் காட்டித்தான் 2017 மார்ச்சில் பங்கு 333 ரூபாய் என்று சந்தைக்கு வந்தார்கள்.

பொள்ளாச்சியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் நண்பரிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது கேட்டார்: "ஏனுங்க, ஓனர் கான்பூர்ல உக்காந்துட்டு நம்மூரு ரேடியோவ எப்படிங்க நடத்துவாங்க?" சரியான கேள்வி. பதில், அவர் கடை மாதிரி ஆயிரம் கடைகளை வைத்துத்தான் நடத்துகிறார்கள்.

ரேடியோவுக்குக் கேட்பவரிடமிருந்து ஒரு பைசா வருவதில்லை. அது விற்பது நேரத்தை. நேரத்தின் அளவுகோல் பத்து நொடி. ஒரு மணி நேரத்தில் பத்து நிமிடம் விளம்பரம் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொண்டால் 60 துண்டுகள். காலை எட்டு மணியின் துண்டுக்கு ஒரு விலை, மதியம் மூன்று மணியின் துண்டுக்கு வேறு விலை. விற்காத துண்டு அந்த நொடியோடு போயிற்று. நாளைக்கு எடுத்து வைக்க முடியாது. அரசு விளம்பரத்துக்கு மத்திய அரசு வைத்திருக்கும் அடிப்படை விலை பத்து நொடிக்கு 52 ரூபாயாக இருந்து 2023-ல் 74 ஆனது. ஊரின் மக்கள்தொகையையும் கேட்பவர் அளவையும் பொறுத்து அது பெருகும். தனியார் விளம்பரம் முழுக்கப் பேரம்.

இந்தத் துண்டுகளை வாங்குபவர்கள் இரண்டு வகை. சோப்பு, செல்போன், கார் கம்பெனிகள் மும்பையிலிருந்தோ டெல்லியிலிருந்தோ முப்பது நாற்பது ஊர்களை மொத்தமாக வாங்கும். எத்தனை ஊர் கையில் இருக்கிறதோ அத்தனை வசதி பேரத்தில். நெட்வொர்க் வளர்வதும் ஒன்றையொன்று விழுங்குவதும் இந்த வாடிக்கையாளருக்காக. இரண்டாவது வகை உள்ளூர்க்காரர்கள். கிராஸ்கட் ரோட்டு ஜவுளி, ராஜ வீதி நகை, ஆடி வந்தால் தள்ளுபடி, மே வந்தால் இன்ஜினீயரிங் காலேஜ், சைட் விற்பவர், கண் ஆஸ்பத்திரி. இவர்களுக்குக் கான்பூரும் தெரியாது, ஜெய்ப்பூரும் வேண்டாம். கோவை நிலையத்தில் விற்பனைக்கென்று இருக்கும் பையன் பைக்கில் வந்து பேசி, கடை பேரை நிலையத்திலேயே ஒரு குரலில் பதிவு செய்து, அடுத்த வாரமே ஒலிக்க வைப்பான். நிலையம் கோவையில் இருந்தே ஆக வேண்டும் என்பதற்கு இவர்கள்தான் காரணம்.

உள்ளே நடப்பதையும் ஒருமுறை பார்த்துவிடலாம். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் சத்தம் ஊடுருவாத சிறிய அறை. இரண்டு திரைகள். ஒன்றில் அந்த மணி நேரம் முழுவதும் மேலிருந்து கீழாக அடுக்கப்பட்டிருக்கும்: நிலையத்தின் ஜிங்கிள், பாட்டு, பேச்சுக்கு ஓர் இடம், விளம்பர வரிசை, மறுபடி பாட்டு. எந்தப் பாட்டு எத்தனை மணிக்கு என்பது முந்தின நாளே மென்பொருளில் ஏறிவிட்டது. ஆர்ஜே-வுக்கு மிஞ்சுவது இரண்டு பாட்டுக்கு நடுவே நாற்பது ஐம்பது நொடி. அதற்கு லிங்க் என்று பெயர். கைபேசியில் வந்த வாட்ஸ்அப்பை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே ஃபேடரை ஏற்றி, "என்னங்க, காலைலயே உக்கடத்துல மாட்டிக்கிட்டீங்களா? சுங்கம் வழியா போறவங்க கொஞ்சம் பாத்துப் போங்க" என்று சொல்லி, அடுத்த பாட்டின் முதல் வரி தொடங்கும் முன்பே பேச்சை முடித்து இறங்க வேண்டும். ஒரு நொடி கூடினால் பாடகர் குரல் மேல் ஏறிவிடும். அந்த "ங்க"-வுக்கு உண்மையான மதிப்பு உண்டு. சோமனூர்த் தறிக்கூடத்தில் ராத்திரி ஷிப்ட் ஓட்டுகிறவருக்கும், திருப்பூர்ப் பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் நிற்கிற பெண்ணுக்கும் கையும் கண்ணும் வேலையில் இருக்கும். காது மட்டும்தான் மிச்சம். அந்தக் காதுக்குள் தங்கள் பேச்சிலேயே ஒருவர் பேசினால் நிலையத்தை மாற்ற மாட்டார்கள். மாற்றாத காதைத்தான் பத்து நொடிகளாக விற்கிறார்கள்.

இந்த நான்கு போட்டிக்காரர்களும் காற்றில் எப்படிச் சேர்ந்து வாழ்கிறார்கள் என்பதும் அழகான விஷயம். ஒரே ஊரில் இரண்டு அலைவரிசைகளுக்கு நடுவே 0.8 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி வேண்டும். 91.1, 91.9, 92.7, 93.5, 94.3 என்று கூட்டிக்கொண்டே போனால் இந்திய நகரங்களின் தெரிந்த எண்களெல்லாம் வரிசையாக வருவதைக் காணலாம். இரண்டாம் சுற்றிலிருந்து பெரும்பாலான ஊர்களில் ஒரே டவரை எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடும் வந்தது. ஒவ்வொரு நிலையத்தின் கருவியிலிருந்து வரும் அலையும் கம்பைனர் என்ற பெட்டியில் ஒன்று சேர்ந்து ஒரே ஆன்டெனா வழியாக வெளியேறும். காலையெல்லாம் ஒருவரையொருவர் முந்தப் பார்க்கும் நிலையங்களின் குரல்கள் ஒரே கம்பியில்தான் மேலே ஏறுகின்றன.

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். பாட்டு இல்லை, காற்று இல்லை, டவரும் பொது என்றால், கம்பெனியை வாங்குபவர் வாங்குவது உரிமத்தில் மிச்சமிருக்கும் ஆண்டுகளையும், விளம்பரதாரரோடு இருக்கும் பழக்கத்தையும், பெயரையும், சில குரல்களையும். குறிப்பாக உரிமத்தின் மிச்ச ஆண்டுகளை. பழைய நிலையங்கள் மூன்றாம் சுற்று முறைக்கு மாறக் கட்டணம் செலுத்தியபோது அவற்றுக்குக் கிடைத்தது 2015 ஏப்ரல் 1 தொடங்கி 15 ஆண்டுகள். அதாவது நாள் ஓட ஓட வாங்கிய பொருள் குறைந்துகொண்டே வரும்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு 2019-க்குப் போவோம். அந்த ஆண்டு மே மாதம் ரேடியோ சிட்டி, பிக் எஃப்எம்மை வாங்கப்போவதாக அறிவித்தது. முதலில் 202 கோடி ரூபாய் போட்டு 24 சதவீதம், அனுமதிகள் வந்தபின் மீதி. மொத்த மதிப்பு 1,050 கோடி என்று வைத்தார்கள். மொத்த மதிப்பு என்பது கம்பெனியின் கடனையும் சேர்த்த தொகை. வாங்குபவர் கடனையும் தலையில் ஏற்றிக்கொள்கிறார் என்பதால் அப்படிக் கணக்கிடுவார்கள். நடந்திருந்தால் நாட்டின் மிகப் பெரிய ரேடியோ வலை அதுவாக இருந்திருக்கும். ஆனால் மற்ற வணிகங்கள் மாதிரி இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால் ரேடியோ கைமாறாது. உரிமம் அரசு கொடுத்தது. தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தலையசைக்க வேண்டும். அந்த அனுமதி கிடைக்காமலே இழுத்து, ஒப்பந்தம் கைவிடப்பட்டது.

அதற்குள் கொரோனா வந்தது. கடைகள் மூடின, கார்கள் நின்றன, பத்து நொடிகளை வாங்க ஆளில்லை. 2019-ல் ஏறத்தாழ 3,100 கோடியாக இருந்த இந்திய ரேடியோத் தொழிலின் வருவாய் 2020-ல் பாதிக்கும் கீழே இறங்கியது. இன்னும் பழைய உயரத்துக்கு ஏறவில்லை. பிக் எஃப்எம் 2023-ல் திவால் நடவடிக்கைக்குள் போனது. 2024-ல் அதை எடுத்துக்கொள்ள சஃபையர் மீடியா என்ற நிறுவனத்துக்குக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் ஒப்புதல் கொடுத்தது. தொகை 261 கோடி. 1,050 எங்கே, 261 எங்கே! ஐந்தே ஆண்டுகளில் டவர் தேயவில்லை, அலைவரிசை பழையதாகவில்லை. தேய்ந்தது உரிமத்தின் காலமும் விளம்பரதாரரின் நம்பிக்கையும்தான். இந்தத் தொழிலில் பணம் எதன்மேல் நிற்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

சரி, பெரிய கம்பெனிகள் சேரட்டும், பிரியட்டும், கோவையில் காது கொடுப்பவருக்கு அதனால் என்ன என்று கேட்கலாம். ஒரு பாதுகாப்பு விதியிலேயே இருக்கிறது. ஒரு நகரத்தில் உள்ள அலைவரிசைகளில் 40 சதவீதத்துக்கு மேல் ஒரே கம்பெனி வைத்திருக்கக் கூடாது. கோவையில் நான்கு, நான்கில் 40 சதவீதம் 1.6, ஆக ஒருவருக்கு ஒன்றுதான். இந்த விதி ஏன் அவசியம் என்று அமெரிக்காவைப் பார்த்தால் தெரியும். அங்கே 1996-ல் உச்சவரம்புகளைத் தளர்த்தினார்கள். சில ஆண்டுகளில் கிளியர் சேனல் என்ற ஒரே கம்பெனியிடம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்கள் சேர்ந்தன. வடக்கு டகோட்டாவில் மைனாட் என்ற சிறு நகரம். அங்கிருந்த ஆறு வணிக நிலையங்களும் அவர்களுடையவை. 2002 ஜனவரியில் ஒரு நள்ளிரவு அந்த ஊரருகே சரக்கு ரயில் தடம்புரண்டு அம்மோனியா வாயு பரவியது. எச்சரிக்கை சொல்லச் சொல்லி நிலையத்துக்குப் போன் அடித்தார்கள், எடுக்கவில்லை. எச்சரிக்கைக் கருவி சரியாக அமைக்கப்படாதது யார் தவறு என்பதில் போலீசும் நிலையமும் ஒன்றையொன்று கை காட்டின. ஆனால் ஊர் விழித்திருந்த அந்த ராத்திரியில் ஊருக்குப் பேச ஊரில் குரல் இல்லை. அந்தக் கம்பெனி பிறகு ஐஹார்ட் மீடியா என்று பெயர் மாறி, 2018-ல் கடன் தாங்காமல் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது.

நமக்கு 40 சதவீத விதி காவலாக இருந்தாலும், அதே காரியம் வேறு வாசல் வழியாக நுழையலாம். மூன்றாம் சுற்றுக் கொள்கை ஒரு கம்பெனி தன் நிலையங்களை நாடு முழுவதும் பிணைத்து ஒரே நிகழ்ச்சியை ஒலிபரப்ப இடம் கொடுக்கிறது. செலவு குறைக்க வேண்டிய நாளில் முதலில் கை வைக்கப்படுவது உள்ளூர்ப் பேச்சு. சென்னையில் ஒருவர் பேசினால் கோவைக்கும் சேலத்துக்கும் மதுரைக்கும் போதும் என்று ஒரு கணக்கு மேசையில் எப்போதும் இருக்கும். கம்பெனியை நான் குறை சொல்லமாட்டேன். சம்பளம் கொடுக்க வேண்டும், உரிமத்தொகை கட்ட வேண்டும். ஆனால் அந்தக் கணக்கில் வராத ஒன்று உண்டு. "ஏனுங்க" என்று தொடங்கும் குரல் போய்விட்டால், பொள்ளாச்சி ஜவுளிக்கடைக்காரர் பத்து நொடி வாங்குவதற்கான காரணமும் சேர்ந்தே போய்விடும். பாட்டு மட்டும் வேண்டுமென்றால் எல்லோர் கைபேசியிலும் இருக்கிறது.

கொங்கில் ரேடியோ இன்னும் பரவத்தான் போகிறது. மூன்றாம் சுற்றில் ஈரோட்டுக்கும் சேலத்துக்கும் தனியார் நிலையங்கள் வந்தன. 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை 234 புதிய நகரங்களில் 730 அலைவரிசைகளை ஏலம் விட ஒப்புதல் கொடுத்தது. அந்தப் பட்டியலில் நம் பக்கத்துக் கரூரும் மலைமேல் குன்னூரும் இருக்கின்றன. இப்போது ஓடும் பழைய உரிமங்கள் 2030 மார்ச்சோடு முடிகின்றன. அப்போது விதிகள் மறுபடி எழுதப்படும்.

எழுதும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும் என்பது என் விருப்பம். இன்றைக்குத் தனியார் பண்பலை சொந்தமாகச் செய்தி வாசிக்க முடியாது. ஆகாசவாணியின் செய்தியை மாற்றாமல் அப்படியே எடுத்துப் போடலாம். போக்குவரத்து, வானிலை, குடிநீர், மின்தடை, தேர்வு முடிவு மாதிரியானவை செய்தி அல்ல என்று விதி விலக்கு வைத்திருப்பதால்தான் ஆர்ஜே உக்கடத்து நெரிசலைச் சொல்ல முடிகிறது. நொய்யலில் சாயக் கழிவு வந்தால் அதைப் பற்றி நிலையத்தில் ஒருவரும் செய்தியாகப் பேச முடியாது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2023 செப்டம்பரில் மணிக்குப் பத்து நிமிடம்வரை செய்தி வாசிக்கத் தனியார் நிலையங்களை அனுமதிக்கலாம் என்று பரிந்துரைத்தது. நல்ல பரிந்துரை. ஆனால் வெறுமனே அனுமதித்தால், அந்தப் பத்து நிமிடமும் சென்னையில் ஒருமுறை தயாரிக்கப்பட்டு எல்லா ஊருக்கும் அனுப்பப்படும். அதில் பாதியையாவது உரிமம் பெற்ற ஊரிலேயே, அந்த ஊர்ச் செய்தியாளரை வைத்துத் தயாரிக்க வேண்டும் என்று விதியில் ஒரு வரி சேர்க்க வேண்டும். அப்படிச் செய்தால் யார் யாரை வாங்கினாலும் கோவைக்கு ஒருவர், ஈரோட்டுக்கு ஒருவர், கரூருக்கு ஒருவர் என்று மைக்கோடு ஊருக்குள் நடந்தாக வேண்டியிருக்கும். அந்தச் செய்திக்கு முன்னும் பின்னும் வரும் பத்து நொடிகளுக்கு உள்ளூர்க் கடைக்காரர்கள் நல்ல விலை கொடுப்பார்கள் என்றும் நினைக்கிறேன்.